வெள்ளம் வந்தாலும் ஆச்சி வீடு நிற்கும்!

குட்டீஸ், உங்கள் வீட்டில் அளவு நாடா இருக்கிறதா? அதை எடுத்துக்கொண்டு சுவரோரம் வாருங்கள். தரையிலிருந்து 95 சென்டிமீட்டர் அளந்து, பென்சிலால் ஒரு சின்னக் கோடு போடுங்கள். (அம்மா திட்டினால் நாங்கள் பொறுப்பல்ல!)

எட்டு வயதுப் பிள்ளை பக்கத்தில் நின்றால் கோடு நெஞ்சு வரை வரும். 2023ம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில், தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில், அதாவது 24 மணி நேரத்தில், பெய்த மழையின் அளவு அது! திருச்செந்தூரில் 69 செ.மீ. பெய்தது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்யும் சராசரி மழையே இதற்குக் குறைவுதான். குமரிக்கடல் பக்கம் நிலவிய காற்றுச் சுழற்சி, வருடக் கணக்கை ஒரே நாளில் தீர்த்துவிட்டது.

அது எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் போடுவோமா? ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 95 செ.மீ. மழை பெய்தால் சுமார் 88 ஆயிரம் லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் ஏழு நிரம்பி, எட்டாவது லாரியிலும் கொஞ்சம் ஊற்ற வேண்டியிருக்கும். ஒரே ஒரு மாடியில் மட்டும் இவ்வளவு!

மேடான இடத்தில் பெய்தது பள்ளத்துக்கு ஓடியது. குளங்கள் உடைந்தன. தாமிரபரணி கரை தாண்டியது. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பகுதிகளும் தூத்துக்குடி நகரின் பல தெருக்களும் தண்ணீருக்குள் நின்றன. ஸ்ரீவைகுண்டம் அருகே தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியே அடித்துச் செல்லப்பட்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய எக்ஸ்பிரஸ் ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டு, சுமார் 800 பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். பக்கத்துக் கிராமத்து மக்கள்தான் அவர்களுக்குச் சோறு பொங்கிக் கொடுத்தார்கள்.

வெள்ளம் வடிந்தது. அப்புறம்?

அப்புறம்தான் பெரிய கேள்வி வந்தது. இந்தப் பழைய வீட்டை என்ன செய்வது? இடிப்பதா, சரி செய்வதா?

இடிக்கவா, வேண்டாமா?

தாமிரபரணிக் கரையில் ஓர் ஆச்சி வீடு இருக்கிறது என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். வாசலில் திண்ணை. உள்ளே பட்டாசல். பின்னால் அடுப்படி. தலைக்கு மேலே பனங்கை போட்ட மச்சு. சுவரெல்லாம் சுண்ணாம்புக் காரை. தாத்தாவின் அப்பா கட்டிய வீடு. அதில் இடுப்பளவு தண்ணீர் இரண்டு நாள் நின்று வடிந்திருக்கிறது.

"பேசாம இடிச்சுட்டுப் புதுசா கட்டிருவோம்" என்கிறார் மாமா.

"இது உங்க தாத்தா கட்டின வீடுல்லா! எப்படிப்பா இடிக்க மனசு வரும்?" என்கிறார் ஆச்சி.

கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்க்கிறார். மூலைகளில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறார். "சுவரு நல்லாத்தான் இருக்கு ஆச்சி. இடிக்க வேண்டாம். ஆனா அடுத்த வெள்ளத்துக்கு வீட்டைத் தயார் பண்ணணும்" என்கிறார்.

ஆச்சியிடம் இருப்பதோ கொஞ்சம் பணம். எல்லா வேலையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. எதை முதலில் செய்வது? வாருங்கள், கொத்தனாரோடு சேர்ந்து நாமும் வீட்டைச் சுற்றிப் பார்க்கலாம்.

முதல் வேலை: மின்சாரம்

சுவரில் தண்ணீர் நின்ற கறை தெரிகிறது அல்லவா? அதுதான் நம் வரைபடம். அந்தக் கறைக்குக் கீழே எத்தனை ஸ்விட்ச் போர்டுகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். அத்தனையும் மேலே போக வேண்டும். கறைக்கு மேலே இன்னும் ஓர் அடி கூட்டி வைப்பது நல்லது. அடுத்த வெள்ளம் இதே உயரத்தோடு நின்றுவிடும் என்று யாரும் எழுதித் தரவில்லையே!

வயரையும் மேலிருந்து கீழாக இறக்க வேண்டும். தரையோரம் ஓடும் வயர் முதலில் நனையும்.

இன்னொன்று, ஆர்.சி.சி.பி. என்ற குட்டிக் கருவி. மின்சாரம் போகும் அளவும் திரும்பி வரும் அளவும் சமமாக இருக்கிறதா என்று இது கண்காணித்துக்கொண்டே இருக்கும். வீடுகளில் பொருத்தும் கருவியில் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே, கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். வெள்ளத்தில் உயிரைப் பறிப்பது தண்ணீர் மட்டும் அல்ல, தண்ணீருக்குள் கசியும் மின்சாரமும்தான். அதனால் கையில் இருக்கும் பணத்தில் முதல் பங்கு இதற்குத்தான். வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். நீங்கள் எண்ணிச் சொன்னால் போதும்!

இரண்டாவது: திருட்டு வாசல்

வெள்ளம் வாசல் வழியாகத்தான் வரும் என்று நினைக்கிறீர்களா? இல்லை! கதவை அடைத்து, மண் மூட்டையும் அடுக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், கழிப்பறையிலிருந்தும் குளியலறைச் சாக்கடைத் துளையிலிருந்தும் அழுக்குத் தண்ணீர் பொங்கி வரும். வெளியே வாருகாலும் கழிவுநீர்த் தொட்டியும் நிரம்பிவிட்டால், வீட்டுக் குழாயில் தண்ணீர் தலைகீழாக ஓடத் தொடங்கும். எப்போதும் உயரத்திலிருந்து தாழ்வுக்குத்தானே தண்ணீர் ஓடும்? வெளியே மட்டம் உயர்ந்தால் நம் வீடுதான் தாழ்வு.

இதற்கு மருந்து, 'நான்-ரிட்டர்ன் வால்வு'. உங்கள் இதயத்துக்குள்ளும் இதே வேலையைச் செய்யும் வால்வுகள் இருக்கின்றன. இரத்தத்தை ஒரு பக்கம் மட்டும் போக விடும், திரும்பி வர விடாது. வீட்டிலிருந்து வெளியேறும் கழிவுக் குழாயில் இப்படி ஒன்றைப் பொருத்திவிட்டால், வெளியே போகும் தண்ணீருக்குக் கதவு திறக்கும். உள்ளே வரப் பார்த்தால் மூடிக்கொள்ளும். குப்பை சிக்கினால் மூடாது என்பதால், மழைக்காலத்துக்கு முன்பு ஒரு தடவை சுத்தம் செய்துவிட வேண்டும்.

குடிதண்ணீர்த் தொட்டி தரைக்கு அடியில் இருந்தால், அதன் வாயைச் சுற்றி உயரமாகச் சுவர் எழுப்பி, நீர் புகாத மூடி போட வேண்டும். வெள்ளத்துக்குப் பிறகு ஊரெல்லாம் தண்ணீர் இருக்கும், குடிக்கத்தான் ஒரு சொட்டு இருக்காது!

சுவருக்குள் ஓர் உப்பளம்

மாமா சொல்கிறார்: "நல்லா கெட்டியா சிமென்ட் பூசிடுவோம். தண்ணியே இறங்காது."

கொத்தனார் தலையை ஆட்டி மறுக்கிறார். ஏன் தெரியுமா?

பழைய செங்கலும் சுண்ணாம்புக் காரையும் தண்ணீரை உறிஞ்சும். ஆனால் வெயில் அடித்தால் மெல்ல மெல்ல அதை வெளியே விட்டுவிடும். சுவர் மூச்சு விடுகிறது என்று கட்டட வேலைக்காரர்கள் சொல்வது இதைத்தான். அதன்மேல் கெட்டியான சிமென்ட்டைப் பூசினால், உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழி இல்லாமல் மாட்டிக்கொள்ளும்.

தூத்துக்குடிப் பிள்ளைகளுக்கு இதன் மறுபாதி நன்றாகவே புரியும். உப்பளத்தில் என்ன நடக்கிறது? பாத்தியில் கட்டிய தண்ணீர் ஆவியாகிறது, உப்பு பூக்கிறது. கடற்கரை ஊரின் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் உப்பு உண்டு. அந்த உப்புநீர் சுவரில் ஏறி, பூச்சுக்குப் பின்னால் காயும்போது, உப்பு படிகமாகி வளரும். வளர இடம் வேண்டுமே? பூச்சைத் தள்ளும். பொருபொருவென்று காரை உதிரும். உங்கள் சுவருக்குள்ளே ஒரு குட்டி உப்பளம்!

அதனால் பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான் நல்ல ஜோடி. அந்தக் காலத்தில் கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு, தண்ணீர் ஊற்றி நீற்றி, மணல் சேர்த்து அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டித் தண்ணீரும் கலந்து பூசுவார்கள். பூசிய பிறகு அது காற்றிலிருக்கும் கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு, மறுபடியும் கல்லாக மாறிவிடும். கடலில் சிப்பியாக இருந்தது, சுவரில் கல்லாகிறது!

இன்னொரு விஷயம். வெள்ளம் வடிந்தவுடன் அவசரமாக வெள்ளையடித்துவிடக் கூடாது. தடித்த பழைய சுவர் உள்ளே வரை காய மாதக் கணக்கில்கூட ஆகலாம். கதவு, ஜன்னல்களைத் திறந்து வைத்துக் காற்றோட்டம் கொடுக்க வேண்டும். பொறுத்தார் சுவர் ஆள்வார்!

செய்து பாருங்கள்

இரண்டு வெள்ளைச் சாக்பீஸ் எடுங்கள். ஒன்றின் அடியையும் நுனியையும் விட்டுவிட்டு, பக்கம் முழுக்க மெழுகுவர்த்தியைத் தேய்த்து நன்றாகப் பூசுங்கள். இரண்டையும் ஒரு தட்டில் நிறுத்தி, நீல மை கலந்த தண்ணீரை ஒரு விரல்கடை உயரத்துக்கு ஊற்றுங்கள். கொஞ்ச நேரத்தில் சாதா சாக்பீஸில் நீலம் மேலே ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம். சுவரில் ஓதம் ஏறுவதும் இப்படித்தான். மெழுகு பூசியதிலும் ஏறும், வெளியே தெரியாது, அவ்வளவுதான்! பிறகு இரண்டையும் எடுத்து நிழலில் காய வையுங்கள். எது முதலில் காய்கிறது? ஏன்?

தடுப்பதா, உள்ளே விடுவதா?

இப்போது ஒரு கஷ்டமான கேள்வி. வெள்ளத்தை உள்ளே விடாமல் தடுப்பதுதானே நல்லது?

எப்போதும் அல்ல!

வாசல் நிலையின் இரண்டு பக்கமும் காடி வைத்து, மழைக்காலத்தில் பலகையைச் செருகி, இடுக்கை ரப்பர் வைத்து அடைக்கலாம். முழங்கால் அளவுத் தண்ணீருக்கு இது அருமையான வழி. ஆனால் தண்ணீர் உயர உயர, அது சுவரைத் தள்ளும் விசை பயங்கரமாகக் கூடும். வெளியே ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், மூன்று மீட்டர் நீளச் சுவரை அது தள்ளும் விசை சுமார் 1,500 கிலோ எடைக்குச் சமம். ஒரு கார் சாய்ந்து நிற்பது மாதிரி! இரண்டு மீட்டர் உயரம் நின்றால் இரண்டு கார் அல்ல, நான்கு கார். உயரம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும்.

வெளியே தண்ணீர், உள்ளே வெறும் காற்று என்றால் சுவர் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு உடையலாம். உள்ளேயும் அதே உயரத்துக்குத் தண்ணீர் இருந்தால் இரண்டு பக்கத் தள்ளும் சமமாகிவிடும். அதனால்தான் தண்ணீர் சுமார் மூன்று அடியைத் தாண்டினால், தடுப்பதை விட்டுவிட்டு அதை உள்ளே விடுவதே சுவருக்கு நல்லது என்று நிபுணர்கள் சொல்கிறார்கள். ஆட்கள் முன்பே மேடான இடத்துக்குப் போய்விட வேண்டும். பொருட்கள் மச்சுக்கு ஏறிவிட வேண்டும். வீடு நனையட்டும், நின்றால் போதும்!

இந்தத் தந்திரம் நம் ஊருக்குப் புதிதல்ல. திருநெல்வேலியில், தாமிரபரணி ஆற்றுக்குள்ளேயே குறுக்குத்துறை முருகன் கோவில் இருக்கிறது. வெள்ளம் வந்தால் கோவிலே தண்ணீருக்குள் மூழ்கிவிடும். ஆனால் விழாது. தண்ணீர் வரும் திசையில் அதன் மதில், படகின் முனை போலக் கூர்மையாகக் கட்டப்பட்டிருக்கிறது. வெள்ளம் முட்டாமல் இரண்டாகப் பிரிந்து ஓடிவிடும். வெள்ளம் வரப்போகிறது என்றால் உற்சவர் சிலைகளையும் பொருட்களையும் கரையில் உள்ள மேலக்கோவிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். வடிந்ததும் கழுவிச் சுத்தம் செய்து, மறுபடி பூஜை! ஆற்றோடு சண்டை போடவில்லை. வழிவிட்டு நின்றார்கள்.

ஆச்சி வீட்டுக்கும் ஒரு 'மேலக்கோவில்' வேண்டும் அல்லவா? அதுதான் மச்சு. பத்திரங்கள், ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ்கள், ஆச்சியின் கல்யாண போட்டோ எல்லாம் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒரே பையில் அங்கே இருக்க வேண்டும். அரிசி, பருப்பு டப்பாக்களும் மேல்தட்டுக்குப் போக வேண்டும். கீழ்த்தட்டில் பாத்திரம் இருக்கலாம். நனைந்தால் கழுவிக்கொள்ளலாமே!

வீட்டையே தூக்கலாமா?

தூக்கலாம்! தமிழ்நாட்டிலும் இப்படிப் பல வீடுகளைத் தூக்கியிருக்கிறார்கள். சுவரின் அடியில் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, இரும்புச் சட்டங்களைச் செருகி, லாரி டயர் மாற்ற வைப்பது போன்ற ஜாக்கிகளை வரிசையாக வைப்பார்கள். எல்லா ஜாக்கியையும் ஒரே நேரத்தில், ஒரே அளவு திருப்ப வேண்டும். ஒன்று முந்தினால் சுவர் விரிசல் விடும். துளித்துளியாக உயர்த்தி, அடியில் புதிதாகக் கட்டிக்கொண்டே வருவார்கள். மூன்று, நான்கு அடி உயர்த்த வாரக் கணக்கில் ஆகும்.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் சாக்கடை வடிய வழி இல்லாததால், ஊரையே உயர்த்த முடிவு செய்தார்கள். 1858ல் நான்கு மாடிச் செங்கல் கட்டடம் ஒன்றை, 200 ஜாக்கிகள் வைத்து ஆறு அடிக்கு மேல் தூக்கினார்கள். கால்வெஸ்டன் என்ற கடற்கரை நகரம் 1900ல் புயலில் அழிந்தபோது, கடல் சுவர் கட்டியதோடு, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களைத் தூக்கி, அடியில் மணலை நிரப்பினார்கள்.

ஆனால் ஆச்சி வீட்டைத் தூக்கலாமா? கொத்தனார் சொல்லிவிட முடியாது. அஸ்திவாரத்தையும் மண்ணையும் ஒரு கட்டடப் பொறியாளர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கான்கிரீட் பட்டை இல்லாத பழைய காரைச் சுவர், தூக்கும்போது பிரிந்துவிடலாம். செலவும் மிக அதிகம். ஆகவே ஆச்சியின் பட்டியலில் இது கடைசி.

உங்களுக்குத் தெரியுமா?

முத்துக் குளித்த மன்னார் வளைகுடாவில், முன்பு பவளப் பாறைகளை வெட்டி எடுத்துக் கட்டடத்துக்கும் சுண்ணாம்புக்கும் பயன்படுத்தினார்கள். பவளத்திட்டுதான் அலையின் வேகத்தைக் குறைக்கும் இயற்கைச் சுவர். அது குறைந்ததும் தீவுகளை அலை அரித்தது. தூத்துக்குடி அருகே இருந்த விளாங்குசல்லித் தீவு கடலுக்குள் போய்விட்டது. இப்போது பவளத்தை எடுப்பது சட்டப்படி குற்றம். வான் தீவைக் காப்பாற்ற, அதன் அருகே கடலுக்குள் செயற்கைத் திட்டுகளை இறக்கியிருக்கிறார்கள். ஒரு வீட்டுக்குச் சுவர் கட்ட, ஊருக்கான சுவரை உடைக்கலாமா?

பக்கத்து வீடு என்ன ஆகும்?

ஆச்சி வீட்டு வேலை முடியும் நேரம். மாமா கடைசியாக ஒரு யோசனை சொல்கிறார்: "முற்றத்தையும் வாருகாலையும் சேர்த்து மண் அடிச்சு உயர்த்திட்டா, ஒரு சொட்டு நிக்காது!"

ஆச்சி பக்கத்து வீட்டைப் பார்க்கிறார். அது இன்னும் தாழ்வான ஓட்டு வீடு. "நம்ம வீட்டுத் தண்ணி அவங்க வீட்டுக்குள்ள போகும்லா? வாருகாலை மூடக் கூடாதுப்பா" என்கிறார்.

ஆச்சி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. தண்ணீரை நாம் அழிக்க முடியாது. ஓரிடத்தில் தடுத்தால் அது இன்னோர் இடத்துக்குப் போகும். ஒவ்வொரு முறையும் பழைய தார் ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே புது ரோடு போட்டால், ரோடு உயர்ந்து தெருவில் உள்ள எல்லா வீடுகளும் பள்ளமாகிவிடும். பக்கிள் ஓடை போன்ற வடிகால்களில் குப்பையைக் கொட்டினால், கடலுக்குப் போக வேண்டிய மழைநீர் தெருவிலேயே நிற்கும். குளத்துக்குப் போகும் ஓடையில் கட்டடம் கட்டினால், வெள்ளம் அந்தப் பழைய வழியைத் தேடிக்கொண்டு மறுபடி வரும். ஒரு வீட்டைப் பலப்படுத்துவது பாதி வேலைதான். மீதிப் பாதி தெருவில் இருக்கிறது.

மாமா மண் அடிக்கும் திட்டத்தைக் கைவிட்டார். அதற்குப் பதில், இரண்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்து வாருகாலைத் தூர் வாரினார்கள். பக்கத்து வீட்டுப் பத்திரப் பைக்கும் மச்சில் ஓர் இடம் கிடைத்தது.

ஆச்சியின் கோடு

எல்லாச் சுவருக்கும் வெள்ளையடித்தாகிவிட்டது. ஆனால் வாசல் நிலைக்குப் பக்கத்தில் மட்டும், தண்ணீர் நின்ற உயரத்தில் ஒரு கோடு போட்டு, '18.12.2023' என்று எழுதச் சொன்னார் ஆச்சி. "அது எதுக்கு ஆச்சி? அசிங்கமா இருக்கு!" என்றான் பேரன். "நாளைக்கு நீ பெரியவனாகி இந்த வீட்டில ஸ்விட்ச் போர்டு வைக்கும்போது, எங்க வைக்கணும்னு தெரிய வேண்டாமா?" என்றார் ஆச்சி.

ஜெர்மனியில் பாசாவ் என்று ஓர் ஊர். மூன்று ஆறுகள் கூடும் இடம். அங்குள்ள பழைய நகர்மன்றச் சுவரில், ஒவ்வொரு பெருவெள்ளத்தின் உயரத்தையும் குறித்து வைத்திருக்கிறார்கள். 1501ம் ஆண்டு வெள்ளத்தின் கோடுகூட அங்கே இருக்கிறது. மனிதர்கள் மறந்துவிடுவார்கள், சுவர் மறக்காது!

என்ன குட்டீஸ், நீங்களும் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு கிளம்புவீர்களா? உங்கள் தெருவில் வெள்ளம் எந்த உயரம் வரை வந்தது என்று தாத்தா, பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள். அந்த உயரத்துக்குக் கீழே உங்கள் வீட்டில் எத்தனை ஸ்விட்ச் போர்டுகள் உள்ளன என்று தொடாமல் எண்ணுங்கள். வீட்டு வாருகால் எந்த ஓடையில், எந்தக் குளத்தில் போய்ச் சேருகிறது என்று பெரியவர்களோடு நடந்து பார்த்து ஒரு படம் வரையுங்கள். அவசரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை அழைக்கும் எண் 1077. அதையும் படத்தின் ஓரத்தில் எழுதி, மச்சுப் படிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

முதலில் சுவரில் ஒரு பென்சில் கோடு போட்டீர்களே, 95 செ.மீ.? அதை அழித்துவிடாதீர்கள். அம்மா கேட்டால், ஆச்சி கதையைச் சொல்லுங்கள்!